தட்டில் மிச்சம் வைத்த சோறு எங்கே போகிறது? பள்ளிக்கரணை சொல்லித்தரும் ஆற்றல் பாடம்!

பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி சாலை. காலை நேரம். ஐ.டி கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், ஸ்கூல் வேன்கள் என்று எல்லாமே ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் பரபரப்பு. ஆனால், சாலையின் ஓரத்தில் மட்டும் ஓர் அமைதி. முழங்கால் அளவுத் தண்ணீரில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூநாரைகள்.

சீசனில் இந்த வழியாகப் போகும் வேன்களின் ஜன்னலில் குட்டி முகங்கள் ஒட்டிக்கொள்வது வழக்கம். குழந்தைகளின் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்... ``அது ஏன் பிங்க் கலர்ல இருக்கு?"

சின்னக் கேள்விதான். ஆனால், அதற்கான பதிலைப் பிடித்துக்கொண்டே போனால், ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தொடங்கி, நம் வீட்டுச் சமையலறை வழியாக, சதுப்பு நிலத்தின் மறுகரையில் இருக்கும் பெருங்குடி குப்பை மேட்டில் போய் நிற்கும். சத்து, கலோரி, ஆற்றல் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவை எல்லாம் பள்ளிக்கரணையில் கண்ணெதிரே நடக்கின்றன. பெயரிலேயே `பள்ளி' இருக்கும் ஊராயிற்றே!

பிங்க் நிறம் சாப்பாட்டிலிருந்து வருகிறது

பூநாரை பிறக்கும்போது பிங்க் நிறத்தில் இருப்பதில்லை. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். அவை சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டி, அதிலிருக்கும் சிறு இறால் போன்ற உயிரினங்கள், பூச்சிகளின் புழுக்கள், பாசி, விதைகள் ஆகியவற்றைச் சாப்பிடுகின்றன. பாசியிலும், பாசியைத் தின்று வளரும் குட்டி உயிரினங்களிலும் கரோட்டினாய்டு என்ற நிறமி இருக்கிறது. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறத்தைக் கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிறமிதான். சாப்பிடச் சாப்பிட அது இறகுகளில் சேர்ந்து, சில ஆண்டுகளில் சாம்பல் நிறப் பறவை இளஞ்சிவப்பாகிறது. உணவில் அந்த நிறமி இல்லாவிட்டால் நிறமும் வெளுத்துவிடும். அதனால்தான், மிருகக்காட்சிசாலைகளில் வளரும் பூநாரைகளுக்கு நிறமி சேர்ந்த உணவு தருகிறார்கள்.

உணவு உடலுக்குச் செய்யும் இரண்டு வேலைகளில் ஒன்று இது. நாம் சாப்பிடுவது நம் உடலாகவே மாறுகிறது. பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதம் தசையாகிறது. பாலிலும் கேழ்வரகிலும் இருக்கும் கால்சியம் எலும்பாகிறது. கீரையில் இருக்கும் இரும்புச்சத்து ரத்தத்தில் சேர்கிறது.

இரண்டாவது வேலை, ஆற்றல் தருவது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால், அது இல்லாமல் ஓர் இமைகூட மூடித் திறக்காது.

ஒரு வாட்டர் கேன் கணக்கு

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். `எனர்ஜி' என்ற வார்த்தைக்கு நேராக ஓர் எண்ணும், `கிலோ கலோரி' என்ற அலகும் இருக்கும். டயட் பற்றிப் பேசும்போது நாம் சுருக்கமாக `கலோரி' என்று சொல்வதும் இந்தக் கிலோ கலோரியைத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல்தான் ஒரு கிலோ கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து, அதாவது அரிசி, ரவை, உருளைக்கிழங்கில் அதிகம் இருப்பது, சுமார் 4 கிலோ கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் அதே 4. ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். எண்ணெயில் பொரித்த பூரி இட்லியைவிட `ஹெவி'யாக இருப்பதற்கு இந்த 9 ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஒருவருக்கு எவ்வளவு தேவை? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கிலோ கலோரி தேவை. இதைத் தண்ணீர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீர் முழுவதையும் 100 டிகிரிக்குக் கொண்டுபோக 1,400 கிலோ கலோரி போதும். உங்கள் வீட்டு இரண்டாம் வகுப்புக் குட்டி ஒரே நாளில் செலவழிப்பது அதைவிட அதிகம்!

பெரியவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடும் ஒருவரின் உடல், 24 மணி நேரமும் ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பு எரிவதற்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்கிறது. தூங்கும்போதும் அந்த பல்பு அணைவதில்லை. கொஞ்சம் மங்கலாக எரியும், அவ்வளவுதான். இதயம் துடிக்க வேண்டும், நுரையீரல் விரிய வேண்டும், உடல் சூடு குறையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களின் எடையில் வெறும் 2 சதவிகிதம் இருக்கும் மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தைகளின் மூளை கேட்கும் பங்கு அதைவிட அதிகம்.

காலை உணவும் கல்லீரலின் சேமிப்பும்

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுத் தூங்கும் குழந்தை, காலையில் எதுவும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனால் என்ன ஆகும்?

இரவு முழுக்க அந்த `பல்பு' எரிவதற்கு எரிபொருள் கொடுப்பதில் முக்கியப் பங்கு கல்லீரலுக்கு. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற வடிவில் அது சேமித்து வைத்திருக்கும். நாம் தூங்கும்போது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கும். பொழுது விடியும்போது அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். குழந்தைகளின் கல்லீரல் சிறியது. அந்தச் சேமிப்பும் சிறியதுதான். பிறகு, உடல் வேறு வழிகளில் சமாளிக்கும் என்றாலும், பசி, சோர்வு, எரிச்சல் எல்லாம் எட்டிப் பார்க்கும். மதிய உணவு மணி அடிக்கும்போது அந்தக் குழந்தை சாப்பிட்டு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கணக்குப் பாடம் ஏறவில்லை என்று திட்டும்முன், `காலையில சாப்பிட்டியா?' என்று கேட்பது நல்லது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயம் அல்ல. 1920-லேயே, பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த பள்ளியில் மாணவர்களுக்கு உணவு கொடுத்தது. காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு முட்டை என்று அது வளர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல், மாநிலம் முழுக்க இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவானது.

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வரும் அந்தக் காலை உணவுக்கு, ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அளவு. கணக்குப் போட்டால், இந்த இரண்டு மட்டுமே சுமார் 225 கிலோ கலோரி தரும். எண்ணெயும் காய்கறியும் சேர்ந்தால் இன்னும் கூடும். நமக்கு இது ஒரு சின்னக் கிண்ணம். வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் ஒரு குழந்தைக்கு அது அன்றைய காலைப் பாடம் முழுவதும்.

கலோரி மட்டும் போதுமா?

போதாது. அதை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் ஒன்று, நம் குன்னூர்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது அங்கேதான். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் `பெரிபெரி' நோய் பற்றிய ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது.

பெரிபெரி என்பது நரம்புகளையும் இதயத்தையும் பலவீனமாக்கும் நோய். மிஷினில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியையே பெரும்பாலும் சாப்பிட்டவர்களுக்கு அது வந்தது. அவர்கள் வயிறு நிறையவே சாப்பிட்டார்கள். ஆற்றலுக்குக் குறைவில்லை. ஆனால், அந்த ஆற்றலை உடல் எடுத்துப் பயன்படுத்த உதவும் வைட்டமின் பி1, தவிட்டோடு போய்விட்டது. அடுப்பில் விறகு நிறைய இருந்தும், பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லாத நிலை.

அதனால்தான் சோற்றோடு பருப்பு, காய்கறி, கீரை, முட்டை என்று தட்டில் பல நிறங்கள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பூநாரைக்கும் நமக்கும் பொதுவான விதி அது.

வலசைப் பறவைகளின் `பெட்ரோல் பங்க்'

மீண்டும் சதுப்பு நிலத்துக்கே வருவோம். குளிர்காலத்தில் இங்கே ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. இவற்றில் பல, இமயத்துக்கு அப்பால் இருக்கும் மத்திய ஆசியா, சைபீரியா போன்ற பகுதிகளிலிருந்து வருபவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க, அவற்றுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

கொழுப்பிலிருந்து. `கொழுப்பு' என்றாலே முகம் சுளிக்கும் நாம், அதன் அருமையைப் பறவைகளிடம் கற்க வேண்டும். மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்தால், ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து உடலில் தங்கும். 4 கிலோ கலோரிக்காக 4 கிராம் சுமக்க வேண்டும். கொழுப்போ தண்ணீர் இல்லாத சுமை. ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி. பறக்கும் ஜீவனுக்கு எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. வலசை புறப்படும்முன் தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும் சிறு பறவைகளும் உண்டு.

வெயில் ஏற ஏற, இந்தப் பறவைகள் திரும்பிப் போகத் தயாராகும். அப்போது பள்ளிக்கரணைதான் அவற்றின் பெட்ரோல் பங்க். இங்கே வயிறும் டேங்க்கும் நிரம்பவில்லை என்றால், ஊர் போய்ச் சேர்வது சந்தேகம்தான்.

பத்தில் ஒன்றுதான் மேலே போகும்

இந்த பங்க்கில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது? அதைக் கணக்கிடும் வழியைச் சொன்னவர், அமெரிக்காவைச் சேர்ந்த ரேமண்ட் லிண்டமேன்.

மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் சீடர் பாக் என்ற சேறும் பாசியும் நிறைந்த ஒரு சின்ன ஏரியில், அவர் ஆண்டுக்கணக்கில் இறங்கி நின்று ஆராய்ந்தார். பாசி எவ்வளவு, அதைத் தின்னும் சிறு உயிர்கள் எவ்வளவு, அவற்றைத் தின்பவை எவ்வளவு என்று அளந்து, எல்லாவற்றையும் ஆற்றல் கணக்காக மாற்றினார். அவருடைய கட்டுரையை முதலில் நிராகரித்தார்கள். பிறகு ஏற்றுக்கொண்டு, 1942-ல் வெளியிட்டார்கள். அச்சில் பார்க்க அவர் இல்லை. கட்டுரை வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன், இருபதுகளிலேயே நோயால் இறந்துவிட்டார். இன்று பள்ளிப் பாடப்புத்தகங்களில் இருக்கும் `10 சதவிகித விதி'க்கு அடித்தளம் அவருடைய அந்தக் கட்டுரைதான்.

விதி எளிமையானது. ஓர் உயிர் இன்னோர் உயிரைச் சாப்பிடும்போது, கீழே இருக்கும் ஆற்றலில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே இருக்கும் உயிரின் உடலில் சேரும். மீதி, ஓடியாடுவதிலும் உடல் சூட்டிலும் எச்சத்திலும் போய்விடும். இடத்துக்கு இடம் இந்த அளவு கூடும், குறையும். ஆனாலும், பொதுக் கணக்காக இது உதவும்.

பள்ளிக்கரணையில் இதைப் போட்டுப் பார்ப்போம். பாசியிலும் நீர்த்தாவரங்களிலும் 10,000 கிலோ கலோரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தின்னும் புழு, பூச்சி, சிறு இறால்களிடம் சேர்வது 1,000. அவற்றைத் தின்னும் கெண்டை, கெளுத்தி மீன்களிடம் 100. அந்த மீனைக் கொத்தும் கொக்கிடமோ கூழைக்கடாவிடமோ சேர்வது வெறும் 10!

பாசிக்கு அந்த 10,000 எங்கிருந்து வந்தது? சூரியனிடமிருந்து. அதுவும் தாராளமாக அல்ல. மேலே விழும் சூரிய ஒளியில் சுமார் ஒரு சதவிகிதத்தைத்தான் தாவரங்கள் பொதுவாக உணவாக மாற்றுகின்றன.

அதனால்தான், ஒரு கொக்கு வாழ வேண்டும் என்றால் பெரிய அளவில் சதுப்பு நிலம் வேண்டும். 1960-களில் இது 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பகுதிகள் வளர வளர, சாலை, அடுக்குமாடி, அலுவலகம், குப்பை மேடு என்று சதுப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அடியில் இருக்கும் பாசி நிலம் பாதியானால், உச்சியில் இருக்கும் பறவைகளுக்குக் கிடைப்பதும் பாதியாகும். இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது இல்லை. லிண்டமேன் கற்றுக்கொடுத்த வகுத்தல் கணக்கு.

நம் தட்டுக்கும் இதே கணக்குதான். ஒரு பிடி சோறு என்பது, நெற்பயிர் நான்கு மாதம் போல வெயிலில் நின்று, அந்த ஒரு சதவிகிதத்தைப் பிடித்துப் பிடித்துச் சேர்த்து வைத்த சூரிய ஒளி. அந்தத் தட்டில் சிக்கனோ மட்டனோ இருந்தால், அதற்குப் பின்னால் பல மடங்கு தீவனம் இருக்கிறது.

அதில் ஒரு பிடியை மிச்சம் வைத்துக் குப்பையில் கொட்டினால், அந்த ஆற்றல் என்ன ஆகும்?

ஆற்றலை அழிக்க முடியாது

`ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது. ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றத்தான் முடியும்.' பள்ளியில் எல்லோரும் எழுதிய விடை இது. இதற்கான செய்முறை விளக்கம், சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. பெருங்குடி குப்பைக் கிடங்கு.

வடசென்னைக்குக் கொடுங்கையூர், தென்சென்னைக்குப் பெருங்குடி. 1980-களிலிருந்து தென்சென்னையின் குப்பை வந்து சேர்ந்த இடம் இது. நாம் கவரில் கட்டிப் போட்ட சாம்பார் சாதம், காய்கறித் தோல், கல்யாண மண்டபத்து இலைகள் எல்லாம் பிளாஸ்டிக்கோடும் துணியோடும் கலந்து மலையானது.

குப்பைக்குப் போனாலும் சோற்றில் இருக்கும் ஆற்றல் அப்படியேதான் இருக்கும். நாம் சாப்பிடாததைச் சாப்பிட நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. காற்றோட்டம் இருந்தால், அவை அதை மட்கச் செய்து உரமாக்கும். அப்போது ஆற்றல் வெப்பமாக வெளியேறும். நன்றாகப் பராமரிக்கும் பெரிய உரக்குவியலின் நடுவே 60 டிகிரி வரைகூடச் சூடு இருக்கும்.

ஆனால், மலைபோல் குவிந்த குப்பையின் அடியில் காற்று கிடையாது. அங்கே வேலை செய்பவை, காற்றில்லாமல் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள். அவற்றால் உணவின் ஆற்றல் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பகுதியை மீத்தேன் என்ற வாயுவாக வெளியே விட்டுவிடும். சாண எரிவாயுக் கலத்தில் அடுப்பு எரிப்பதும் இதே மீத்தேன்தான். ஆக, சோற்றில் இருந்த சூரிய ஆற்றல், எரியும் வாயுவாக உருமாறிக் குப்பைக்குள் காத்திருக்கிறது.

2022 ஏப்ரல் 27. கடும் கோடை. பெருங்குடி குப்பை மேட்டில் தீப்பிடித்தது. நாள்கணக்கில் தீயணைப்பு வாகனங்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேயிருந்தன. மேலே அணைந்தாலும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. பெருங்குடி, துரைப்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று சுற்றியிருந்த பகுதிகளில் புகை சூழ்ந்தது. கோடை வெயிலிலும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டிய நிலை. குழந்தைகளும் முதியவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும்தான் அதிகம் சிரமப்பட்டார்கள்.

எரிந்தது உணவுக்கழிவு மட்டும் அல்ல. பிளாஸ்டிக், துணி, ரப்பர் என்று எல்லாமே எரிந்தன. புகையின் நச்சுக்கு அவையே முக்கியக் காரணம். ஆனால், இதுபோன்ற குப்பை மேடுகள் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்வதற்கும், எளிதில் அணையாமல் இருப்பதற்கும் உள்ளே ஊறும் மீத்தேன் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எரியாமல் காற்றில் கலந்தாலும் அது சும்மா இருப்பதில்லை. 100 ஆண்டுக் கணக்கில், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வீரியம் கொண்டது.

பெருங்குடியில் `பயோமைனிங்' முறையில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து, நிலத்தை மீட்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது. பல ஆண்டுகளாகக் கலந்து கொட்டியதை, பல கோடி ரூபாய் செலவில் பிரிக்க வேண்டியிருந்தது. வீட்டில் பிரிக்க ஆகும் செலவு, கூடுதலாக ஒரு பக்கெட்!

55 கிலோ

ஐ.நா சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட உணவு வீணாதல் அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 55 கிலோ உணவை வீணாக்குவதாக மதிப்பிடுகிறது. இதில் வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் அடக்கம்.

ஒரு பேச்சுக்கு, அதில் பாதி மட்டும் நல்ல சோறு என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோ கலோரி. 27 கிலோவில் 35,000 கிலோ கலோரிக்கு மேல் இருக்கும். 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு மூன்று வாரங்களுக்குத் தேவையான ஆற்றல் அது. நான்கு பேர் உள்ள வீடு என்றால், ஏறக்குறைய மூன்று மாதம்.

`நாம் மிச்சம் வைக்காவிட்டால், அந்தச் சோறு நேராகப் பசித்த குழந்தைக்கா போகப்போகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேராகப் போகாதுதான். ஆனால், குப்பை மேட்டுக்கும் போகாது. அங்கே வாயுவாக மாறாது. கோடையில் யாருடைய வீட்டு ஜன்னலுக்குள்ளும் புகையாக வராது. வாங்கிய அரிசியும் எரித்த கேஸும் மிச்சம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்!

குழந்தைகளோடு சேர்ந்து ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். ஸ்கூல் புராஜெக்ட்டுக்கும் உதவும்.

* எடை போடுங்கள்: தினமும் இரவு, தட்டுகளிலும் பாத்திரங்களிலும் மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் சேர்த்து எடை பாருங்கள். தோல், காம்பு தனி. சாப்பிட்டிருக்கக்கூடிய உணவு தனி. ஏழு நாளையும் கூட்டி 52-ஆல் பெருக்கினால், உங்கள் வீட்டின் ஆண்டுக் கணக்கு வந்துவிடும்.

* கலோரியாக மாற்றுங்கள்: மிஞ்சியது சோறு என்றால், 100 கிராமுக்கு 130 என்று பெருக்குங்கள். எத்தனை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம் என்று பார்க்க, விடையை 70-ஆல் வகுங்கள். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும்.

* சூட்டைத் தொட்டுப் பாருங்கள்: ஓட்டை போட்ட பழைய மண்பானையிலோ பக்கெட்டிலோ காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போட்டு, லேசாக ஈரம் தெளித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பானையின் அருகே கைவைத்தால், உள்ளே இளஞ்சூடு தெரியலாம். அது முருங்கைக்கீரைக் காம்பிலும் வாழைப்பழத் தோலிலும் இருந்த சூரியன்! சில மாதங்களில் செடிக்கு உரம் தயார்.

* முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம்: குழந்தையின் தட்டில் ஒரே தடவையில் மலைபோல் வைக்காமல், பாதி வைத்து, கேட்டால் மறுபடி பரிமாறுங்கள். முடியாதபோது `கண்டிப்பா முடிச்சுடணும்' என்று மிரட்டத் தேவையில்லை. அவர்களின் வயிற்றுக்கு அவர்கள் அளவு தெரியும்.

* இரண்டு பக்கெட்: மக்கும் குப்பை, மக்காத குப்பை. வீடுகளிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. கலந்து கொடுத்தால் சோறும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து மேடாகும். பிரித்துக் கொடுத்தால், மக்கும் குப்பை உரமாகலாம் அல்லது கலத்துக்குள் அடைபட்ட எரிவாயுவாகி, அடுப்பையும் விளக்கையும் எரிக்கலாம். அதே மீத்தேன்தான், இருக்கும் இடம்தான் வேறு.

மீண்டும் அந்த ஜன்னல்...

அடுத்த சீசனிலும் பூநாரைகள் வரும். 200 அடி சாலையில் வேன் மெதுவாகும்போது, ஏதோ ஒரு குழந்தை அதே கேள்வியைக் கேட்கும். `அது ஏன் பிங்க்?'

`அது சாப்பிடுற சாப்பாடுதான் காரணம்' என்று சொல்லுங்கள். அப்படியே, `உன் டிபன் பாக்ஸ்ல இருக்கிறதும் நீயா மாறப்போகுது' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாயங்காலம் அந்த டிபன் பாக்ஸ் திரும்பி வரும்போது, மூடியைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால், உள்ளே இருந்த சூரியன் அன்றைக்கு ஓடியிருக்கிறது, படித்திருக்கிறது, சண்டை போட்டிருக்கிறது, கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறது.

மிச்சம் இருந்தால், திட்ட வேண்டாம். நாளைக்கு ஒரு கரண்டி குறைத்து வையுங்கள்.